டார்ச் அடித்தால் நரியின் கண் ஏன் அப்படி மின்னுகிறது?

ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஒரு செம்மறிப் பண்ணையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: “அண்ணே, ராத்திரி பண்ணைக்காரரோட நரி சுடப் போயிருந்தோம். நான் பிக்கப் வண்டி பின்னால நின்னு ஸ்பாட்லைட்டைச் சுத்திக்கிட்டே வந்தேன். அவர் தூரத்துல கண்ணு மினுங்குறதை மட்டும் பார்த்தே இது ஆடு, இது கங்காரு, அதோ நரின்னு சொல்றார். எப்படி? இன்னொண்ணு, நரியோட கண்ணு எனக்குப் பளிச்சுனு தெரியுது. முப்பது அடி தள்ளி கேட் திறக்கப் போனவரு, எங்கேப்பா, ஒண்ணையும் காணோமேங்கிறார். அவருக்குப் பார்வை மோசமா?”

இல்லை தம்பி, அவர் பார்வை நன்றாகத்தான் இருக்கிறது. இந்த இரண்டாவது கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது.

அதற்கு முன்னால் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் செந்நரி இயற்கையாகக் கிடையாது. ஊரில் ஆடிய நரி வேட்டையை இங்கேயும் ஆட வேண்டும் என்று ஆசைப்பட்ட ஆங்கிலேயர்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் விக்டோரியாவில் கொண்டுவந்து விட்டார்கள். 1859இல் தாமஸ் ஆஸ்டின் என்பவர் ஜீலாங் பக்கத்தில் வேட்டைக்காக முயல்களையும் இறக்கினார். முயல் பரவிய வழியிலேயே நரியும் பரவியது, இன்று வடகோடி வெப்பப் பகுதியையும் டாஸ்மேனியாவையும் தவிர ஏறக்குறைய எல்லா இடத்திலும் இருக்கிறது. பிறந்து ஓரிரு நாளான செம்மறிக் குட்டி அதற்கு எளிய இரை. அதைவிடப் பெரிய இழப்பு அந்த மண்ணுக்கே உரிய சிறு விலங்குகளுக்கு. 35 கிராமிலிருந்து ஐந்தரை கிலோ வரை எடையுள்ள உள்நாட்டுப் பாலூட்டிகள்தான் அங்கே அதிகம் அழிந்தவை, அதில் நரிக்கும் பூனைக்கும் பெரும் பங்கு உண்டு. அதனால் பண்ணைக்காரர்கள் இரவில் விளக்கும் விசிலும் துப்பாக்கியுமாகக் கிளம்புகிறார்கள்.

சரி, கண்ணுக்கு வருவோம்.

விழித்திரைக்குப் பின்னால் நம் கண்ணில் கருமையான நிறமிப் படலம் இருக்கிறது. விழித்திரை பிடிக்காமல் விட்ட ஒளியை அது விழுங்கிவிடும். நரி, நாய், பூனை, ஆடு, மாடு இவற்றுக்கெல்லாம் அந்த இடத்தில் ஒரு கண்ணாடி இருக்கிறது. டபீட்டம் லூசிடம் என்று பெயர், லத்தீனில் ‘ஒளிரும் விரிப்பு’ என்று பொருள். விழித்திரையைக் கடந்து வந்த ஒளியை அது திருப்பி அனுப்புகிறது, மங்கிய வெளிச்சத்தை உணரும் கோல் செல்களை ஒளி இரண்டாவது முறை கடக்கிறது, முதல் தடவை தப்பியதைப் பிடிக்க இன்னொரு வாய்ப்பு. நட்சத்திர வெளிச்சத்தில் எலி தேடும் விலங்குக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். ஒளி சிதறுவதால் படம் கொஞ்சம் மங்கும், அந்த விலையைக் கொடுத்துத்தான் இருட்டில் பார்வையை வாங்கியிருக்கின்றன.

இந்தக் கண்ணாடியில் பாதரசமோ வெள்ளிப் பூச்சோ கிடையாது. நரியின் கண்ணில் அது செல்களால் ஆன அடுக்கு. அந்தச் செல்களுக்குள்ளே, துத்தநாகமும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலமும் சேர்ந்த மிக நுண்ணிய குச்சிகள், விறகு அடுக்கியது போல ஒரே இடைவெளியில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த இடைவெளி ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடக்கூடிய அளவு என்பதால், அடுக்கடுக்காகத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து சில நிறங்களில் வலுக்கின்றன. மழை பெய்த ரோட்டில் சொட்டிய பெட்ரோல் வானவில்லாகத் தெரிவதும் இதே தத்துவம்தான். ஆட்டுக்கும் மாட்டுக்கும் வேறு ஏற்பாடு: அங்கே செல்களுக்குப் பதில் கொலாஜன் இழைகள், தசைநாணில் இருக்கும் அதே பொருள், வரிசையாகப் படுத்துக்கிடக்கின்றன. இரண்டு வேறு பொருட்கள், ஒரே வேலை.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது இன்னொன்று. இந்த விரிப்பு கண்ணின் பின்சுவர் முழுக்க இல்லை, பெரும்பாலும் மேல்பாதியில்தான். கண்ணுக்குள் படம் தலைகீழாக விழும் என்று பள்ளியில் படித்திருக்கிறோமே, அப்படியானால் மேல்பாதியில் விழுவது கீழே இருக்கும் தரையின் படம். இருட்டான தரையைப் பார்க்கிற பாதிக்குக் கண்ணாடி, வெளிச்சமான வானத்தைப் பார்க்கிற பாதிக்குக் கருநிறம்!

இப்போது கேட்டருகே நின்றவர் விஷயம். சாதாரணச் சுவரில் டார்ச் அடித்தால் ஒளி எல்லாப் பக்கமும் சிதறும், எங்கே நின்றாலும் வெளிச்சம் தெரியும். முகம் பார்க்கும் கண்ணாடியில் அடித்தால் எதிர்ப்பக்கச் சாய்வில் போய்விடும். விலங்கின் கண் இந்த இரண்டும் இல்லை. உங்கள் விளக்கை நரி பார்க்கும்போது அதன் கண் லென்ஸ் அந்த விளக்கை விழித்திரையின் ஒரு சிறு புள்ளியில் குவிக்கிறது. அந்தப் புள்ளியிலிருந்து திரும்பும் ஒளி அதே லென்ஸ் வழியாகத்தான் வெளியே வர வேண்டும், எந்தப் பாதையில் உள்ளே போனதோ அதே பாதையில் வெளியே வருகிறது. எங்கே போய்ச் சேரும்? உங்கள் விளக்குக்கே. நரி நூறு மீட்டர் தள்ளி நின்றாலும், நீங்கள் வண்டியை எங்கே நகர்த்தினாலும், அது உங்களைப் பார்க்கிற வரை ஒளி உங்களிடமே திரும்புகிறது. ஆனால் திரும்பும் கற்றை மிகக் குறுகலானது. விளக்குக்கு ஒட்டினாற்போல் கண் வைத்திருப்பவருக்குப் பளிச்சென்று தெரியும். முப்பது அடி என்றால் ஏறக்குறைய 9 மீட்டர், நூறு மீட்டர் தூரத்திலிருந்து பார்த்தால் அது 5 பாகை விலகல், அவ்வளவு போதும், கற்றை அவரைத் தொடாமலே போய்விடும். விளக்கைத் தலையிலோ துப்பாக்கியின் மேலோ பொருத்திக்கொள்வதால் வரும் வசதிகளில் இதுவும் ஒன்று.

இதே தத்துவத்தைத்தான் 1934இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பெர்சி ஷா என்பவர் சாலையில் பதித்தார், அதன் பெயரே பூனைக்கண். நம் நெடுஞ்சாலையில் ஹெட்லைட் பட்டதும் வரிசையாக மின்னும் கற்களும் அந்த வழியில் வந்தவைதான்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ராத்திரி ஆடு கட்டியிருக்கும் இடத்தில் எட்டடி பத்தடி அல்ல, இருபத்தைந்து அடி தள்ளி நில்லுங்கள். டார்ச்சை நெற்றிப்பொட்டோடு ஒட்டிப் பிடியுங்கள், ஆட்டின் கண் பச்சையாகக் கொதிக்கும். அப்படியே டார்ச்சை இடுப்புக்கு இறக்குங்கள், வெளிச்சம் ஆட்டின் முகத்தில் இருக்கும், கண் மட்டும் மங்கிவிடும். சின்ன வயதில் எங்கள் ஊர் ஓடைக்கரையில், கருவேலம் புதருக்குள் இரண்டு பச்சைக் கண்ணைப் பார்த்துவிட்டு அத்தை என்னை இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். மறுநாள் காலையில் அந்தப் புதரில் பக்கத்து வீட்டு வெள்ளாடு முள்ளில் சிக்கிக் கத்திக்கொண்டிருந்தது. ராத்திரியே போயிருந்தால் அதன் கால் பிழைத்திருக்கும்.

நரி என்றதும் இதையும் சொல்லியாக வேண்டும். நரிக்கொம்பு என்று சொல்லி அதிர்ஷ்டத்துக்கு விற்கிறார்களே, நரிக்குக் கொம்பே கிடையாது. அந்தப் பொய்க்காக நம் ஊர் நரிகள் கொல்லப்படுகின்றன. ஆஸ்திரேலியாவில் நரி வெளியிலிருந்து வந்த தொல்லை, இங்கே இருக்கும் நரி வேறு இனம், இந்த மண்ணின் விலங்கு, வயல் எலியைத் தின்று விவசாயிக்கு உதவுவது, 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காக்கப்பட்டது. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் இங்கே டார்ச் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம்.

பண்ணைக்காரர் எப்படி வேறுபடுத்துகிறார்? நிறத்தை வைத்து என்று பலர் நினைக்கிறார்கள். நிறம் கோணத்துக்கும் வயதுக்கும் ஏற்ப மாறும், நம்பக்கூடாது. அவர் பார்ப்பது அசைவை. ஆட்டுக்குக் கண்கள் தலையின் இரு பக்கத்தில் இருப்பதால் பெரும்பாலும் ஒற்றைக் கண்தான் தெரியும், கூட்டமாக, மெதுவாக, தாழ்ந்தும் உயர்ந்தும் நகரும். கங்காரு நிமிர்ந்து நிற்கும், கண் உயரத்தில் இருக்கும். நரிக்கு இரண்டு கண்ணும் முன்னால் பார்ப்பவை, தரைக்குப் பக்கத்தில், இரண்டு புள்ளியும் சேர்ந்து சட்டென்று நகரும், நிற்கும், அணையும், வேறு இடத்தில் மறுபடி எரியும். இருந்தாலும் பொறுப்பான எவரும் வெறும் கண்ணைப் பார்த்துச் சுடுவதில்லை, முழு உடலும் தெரிந்து, பின்னால் மண்மேடு இருப்பது உறுதியான பிறகுதான். பக்கத்துப் பண்ணை நாயின் கண்ணும் அதே போலத்தான் மின்னும்.

விளக்குக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடி போடுவதைப் பார்த்திருப்பீர்கள். நாய்க் குடும்பத்துக்கு நிறம் பார்க்க இரண்டு வகைக் கூம்பு செல்கள்தான், ஒன்று நீலத்துக்கு, இன்னொன்று பச்சை-மஞ்சளுக்கு. நமக்கிருக்கும் சிவப்பு வகை இல்லை, கோல் செல்களுக்கும் அடர்சிவப்பு எட்டாது. அதனால் நமக்கு நன்றாகத் தெரியும் சிவப்பு வெளிச்சம் நரிக்கு மிக மங்கலான ஏதோ ஒன்று. சுத்தமாகத் தெரியாது என்று சொல்ல முடியாது, மிரள்வது குறையும்.

அப்புறம் விசில். அங்கே பழைய நரி விசில் என்பது இரண்டாக மடித்த ஒரு தகரத் துண்டு, இரண்டு மடிப்பையும் துளைத்துச் செல்லும் ஒரு ஓட்டை, அவ்வளவுதான். வாயில் வைத்து காற்றை இழுத்தால் மாட்டிக்கொண்ட முயல் கத்துவது போல வரும். முதல் ஓட்டையில் பாயும் காற்றுத்தாரை இடையிலிருக்கும் இடைவெளியில் சுழல் வளையங்களாக உருள்கிறது, ஒவ்வொரு வளையமும் இரண்டாவது ஓட்டையின் விளிம்பில் மோதும்போது ஒரு அழுத்த அலை பின்னோக்கிப் போய், அடுத்த வளையத்தைச் சரியான நேரத்தில் கிளப்பிவிடுகிறது. இந்த இரட்டை ஓட்டை ஒலியை ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு 19ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்தார். அதே அமைப்புள்ள தேநீர்க் கெண்டியின் விசில் எப்படிப் பிறக்கிறது என்பதை 2013இல்தான் கேம்பிரிட்ஜில் ஹென்றிவுட், அகர்வால் என்ற இருவர் சரியாக அளந்து விளக்கினார்கள். கெண்டி விசிலுக்கு எதற்கு ஆராய்ச்சி என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். காற்று ஓடும் குழாய் எங்கெல்லாம் ஊளையிடுகிறதோ அங்கெல்லாம் அந்தக் கணக்கு உதவும். இப்படிப்பட்ட சின்னக் கேள்விகளுக்குக் கொடுக்கும் காசு வீணாவதில்லை என்பது என் கருத்து.

சத்தம் கேட்ட நரி நேராக வராது. வட்டமடித்து, காற்று வீசிப்போகும் பக்கத்துக்குப் போய் மோப்பம் பிடிக்கப் பார்க்கும். அதனால் ஊதுபவர் காற்று தன் முகத்தில் அடிக்கும்படி உட்கார்ந்து, தனக்குப் பின்பக்கத்தையும் கவனித்துக்கொண்டிருப்பார். ஓடி வருவது பெரும்பாலும் அந்த ஆண்டு பிறந்த இளசுகள். ஆகஸ்ட், செப்டம்பரில் பிறந்தவை கோடை முடிவில் தாயை விட்டுப் பிரிந்து அலையும், உலகம் தெரியாது. கிழட்டு நரி ஒருமுறை விளக்கிலிருந்து தப்பியிருந்தால் அதன் பிறகு விசிலுக்கு மசியாது.

இதெல்லாம் செய்து நரி குறைகிறதா? இங்கேதான் எனக்கு ஆதங்கம். 2002-03இல் விக்டோரியா அரசு ஒரு நரி வாலுக்கு 10 டாலர் கொடுத்தது, ஒன்றரை லட்சத்துக்கும் மேல் வால் வந்து சேர்ந்தது. பிறகு மதிப்பிட்டுப் பார்த்ததில் மாநிலப் பரப்பில் 4 சதவீதத்துக்கும் குறைவான இடத்தில்தான் நரி எண்ணிக்கை குறைந்திருக்கும் என்று தெரிந்தது. காலியான இடத்துக்குப் பக்கத்து நரி வந்துவிடுகிறது, சுடப்பட்டதில் பெரும்பகுதி எப்படியும் அந்த ஆண்டைத் தாண்டியிருக்காத இளசு. செம்மறிகள் குட்டி ஈனும் பருவத்துக்குச் சற்று முன், சுற்றியுள்ள பண்ணைகள் எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் விஷ இறைச்சியும் வைத்து, துப்பாக்கியும் எடுத்தால் அந்தப் பருவத்துக்குப் பலன் உண்டு. விக்டோரியாவின் வார்னம்பூல் பக்கத்தில் மிடில் தீவில், நரியால் பத்துக்கும் குறைவாகிப்போன பென்குவின்களைக் காக்க 2006இலிருந்து மரெம்மா காவல் நாய்களை விட்டார்கள், பென்குவின்கள் திரும்பப் பெருகின. வாலுக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதியை, எது எங்கே பலிக்கிறது என்று பத்து வருடம் நின்று பார்க்கும் ஆய்வுக்குக் கொடுத்திருக்கலாம்.

தம்பியின் இரண்டாவது கடிதம் போன வாரம் வந்தது. “முதல்ல பத்துப் பதினஞ்சு கண்ணு தெரியும், இப்ப மூணு நாலுதான் தெரியுது, நரி குறைஞ்சிருச்சுன்னு முதலாளி சந்தோஷமா இருக்கார்” என்று எழுதியிருந்தார். குறைந்திருக்கலாம். ஆனால் மேலே சொன்னதை யோசியுங்கள் தம்பி: நரி விளக்கைப் பார்த்தால்தான் ஒளி திரும்பும். வெளிச்சம் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கற்றுக்கொண்ட நரி உங்கள் கணக்கில் வராது, அது அங்கேயே நின்றாலும். உடல் சூட்டைக் காட்டும் தெர்மல் கருவி யாரிடமாவது இருந்தால் ஒரு ராத்திரி கடன் வாங்கி, விளக்கில்லாமல் அதே பாதையில் போய் எண்ணிப் பாருங்கள். அதோடு, எத்தனை தாய் ஆடு சினையாக இருந்தது, ஆட்டுக்குட்டிகளுக்கு வால் நறுக்கும் நாளில் எத்தனை குட்டி உயிரோடு இருந்தது, இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். குளிரிலும் பட்டினியிலும் செத்த குட்டிகளைத் தனியாக எழுதுங்கள், பல பண்ணைகளில் நரி கொல்வதைவிட அவைதான் அதிகம். எழுதியதை எனக்கும் அனுப்புங்கள்.