விரல் அசைகிறதே, அப்புறம் என்ன?

"மடக்க முடியுது டாக்டர், அதனால எலும்புல ஒண்ணும் இருக்காது." பினாங்கு ஜார்ஜ்டவுனில் என் கிளினிக்குக்கு விரல் காயத்தோடு வருகிறவர்களில் பலர் தீர்ப்பையும் கூடவே எழுதிக்கொண்டு வருகிறார்கள். கோடாலித் தைல வாசனை அவர்களுக்கு முன்னால் உள்ளே வந்துவிடும். அடிபட்டு ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகியிருக்கும்.

விரலுக்குள் அதை மடக்கி நீட்டும் தசை கிடையாது. முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கும் தசைகள், தசைநாண்கள் வழியாக, பொம்மலாட்டக் கயிறு போல விரலை இழுக்கின்றன. அதனால் எலும்பு உடைந்திருந்தாலும் விரல் அசையலாம். எலும்பு முழுசாக இருந்து தசைநாண் மட்டும் அறுந்திருந்தால், எக்ஸ்ரே சுத்தமாக வரும். விரல் வேலை செய்யாது. அசைகிறதா என்று கேட்பதில் பயனில்லை. எந்த மூட்டு, எந்தப் பக்கம், பிறர் உதவியில்லாமல் தானாக அசைகிறது என்று பார்க்க வேண்டும்.

அதற்கு முன் மோதிரம். அடிபட்டவுடன், வீங்குவதற்குள், கழற்றிவிடுங்கள். சோப்புக்கும் எண்ணெய்க்கும் மசியவில்லை, விரல் நீலம் பாய்கிறது என்றால் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மோதிரம் வெட்டும் கருவி பொம்பாகாரர்களிடமும் (தீயணைப்புப் படை) உண்டு. தாலி கட்டிய அன்று போட்ட மோதிரம் என்று தயங்க வேண்டாம், பொற்கொல்லர் ஒட்டித் தருவார்.

பிறகு கையை மேசைமேல் வைக்கச் சொல்வேன். நடு மூட்டை நான் நேராகப் பிடித்துக்கொள்ள, நுனியை மட்டும் மடக்க வேண்டும். அடுத்து நுனியை நீட்ட வேண்டும். கடைசியாக மெல்ல முஷ்டி பிடிக்க வேண்டும். ஒரு விரல் பக்கத்து விரலின் மேல் ஏறினால் எலும்பு உடைந்து முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். கையை விரித்து வைத்தால் இது கண்ணுக்கே தெரியாது. எக்ஸ்ரேயும் பொதுவாகக் 'கை' என்று எழுதினால் போதாது. அந்த ஒரு விரலைச் சரியான பக்கவாட்டில் எடுக்கச் சொல்ல வேண்டும்.

நான் அதிகம் மல்லுக்கட்டுவது மல்லெட் ஃபிங்கரோடுதான். வாலிபால் பந்து விரல் நுனியில் நேராக மோதும், அல்லது மெத்தைக்கு அடியில் போர்வையைச் செருகும்போது நுனி மாட்டும். நுனி தொங்கிவிடும், தானாக நிமிராது. பல நேரம் வலியே பெரிதாக இருக்காது, அதனால்தான் அலட்சியம். பெரும்பாலும் அறுவை தேவையில்லை. நுனி மூட்டை நேராகப் பிடிக்கும் சின்னப் பட்டை ஒன்று, ஆறு முதல் எட்டு வாரம், இரவும் பகலும். நடு மூட்டு கட்டுக்குள் வரக்கூடாது, அது மடங்கி நீள வேண்டும். கழுவுவதற்காகப் பட்டையைக் கழற்றினால் விரலை மேசையில் தட்டையாக ஊன்றிக்கொண்டே கழற்றுங்கள். நுனி ஒருமுறை தொங்கினாலும் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து. கல்யாண வீட்டில் போட்டோவுக்காகக் கழற்றியவர்கள் இருக்கிறார்கள். வலது கை என்றால் சோறு பிசையும் வேலைக்கும் விடுமுறை. எட்டு வாரம் கரண்டியில் நாசி கண்டார் சாப்பிடுவது தண்டனைதான், ஒப்புக்கொள்கிறேன்.

இதற்கு நேர் எதிரானது ஜெர்சி ஃபிங்கர். ஃபுட்சாலிலோ கபடியிலோ எதிராளியின் சட்டையைப் பற்றும்போது அவர் திமிறி ஓடுவார். அதிகம் மாட்டுவது மோதிர விரல். மற்ற மூட்டெல்லாம் மடங்கும், நுனி மட்டும் மடங்காது. மடக்கும் தசைநாண் எலும்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு, சிலருக்கு உள்ளங்கை வரை சுருங்கிப் போய்விடும். இதற்குக் கட்டுப் போட்டுக் காத்திருப்பது வீண். ஒரு வாரம், பத்து நாளுக்குள் அறுவை மருத்துவரின் மேசைக்குப் போக வேண்டும். "எம்.சி. (மருத்துவ விடுப்பு) முடியட்டும், பார்க்கலாம்" என்றால் தைப்பது சிரமமாகிவிடும்.

நடு மூட்டு இன்னும் தந்திரமானது. பந்து பட்டு வெறும் சுளுக்கு என்றால் பக்கத்து விரலோடு சேர்த்து, இடையில் பஞ்சுத்துணி வைத்து ஒட்டி, சீக்கிரமே அசைக்க ஆரம்பிக்க வேண்டும். இந்த மூட்டு விறைத்துப்போய் இறுகுவதில் கெட்டிக்காரன். ஆனால் மூட்டின் மேல்பக்கத் தசைநாண் அறுந்திருந்தால் முதல் நாள் ஓரளவு நீட்ட முடியும், இரண்டு மூன்று வாரத்தில் நடு மூட்டு மடங்கி நின்றுவிடும். அதற்கு ஆறு வாரம் வரை நேராகக் கட்ட வேண்டும், இங்கே நுனி மூட்டுதான் சுதந்திரமாக இருக்க வேண்டும். ஒருவருக்கு அசைவே மருந்து, இன்னொருவருக்கு அசைவே கேடு. திடலிலேயே நண்பன் 'டக்'கென்று இழுத்துச் சரிசெய்த விரலுக்கும் எக்ஸ்ரே வேண்டும். சுளுக்கு எடுக்கும் பெரியவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. தோள்வலிக்கு நீவட்டும். விரல் மூட்டை மட்டும் இழுக்க வேண்டாம்.

கட்டைவிரலுக்கு வந்தால் நம் ஊரில் குற்றவாளி மோட்டார் சைக்கிள். கைப்பிடியைப் பிடித்தபடியே விழும்போது கட்டைவிரல் வெளிப்பக்கம் வளைந்து, அடிமூட்டில் ஆள்காட்டி விரல் பக்கமுள்ள மூட்டு நார் கிழியும். இதற்கு ஸ்கீயர்ஸ் தம்ப் என்று பெயர். பினாங்கில் பனி பெய்யாவிட்டாலும் நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை. சாவி திருப்ப முடியாது, போத்தல் திறக்க முடியாது. கிழிந்த முனை வேறொரு படலத்துக்கு வெளியே மாட்டிக்கொண்டால் எத்தனை வாரம் கட்டினாலும் ஒட்டாது, அறுவைதான். கட்டைவிரலைத் தூக்கினால் மணிக்கட்டுப் பக்கம் ஒரு குழி தெரியும். கையை ஊன்றி விழுந்தவருக்கு அங்கே அழுத்தினால் வலிக்கிறதென்றால், முதல் எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும் நம்பாதீர்கள். உள்ளே ஸ்கேஃபாய்டு என்ற சிறு எலும்பு இருக்கிறது. அதன் விரிசல் முதலில் தெரியாமல் போகலாம். கட்டுப் போட்டு 10 முதல் 14 நாளில் மறுபடி படமெடுக்க வேண்டும். இரத்தம் இதன் தொலைமுனை வழியாக நுழைந்து பின்னோக்கிப் பாய்வதால், கவனிக்காமல் விட்டால் இது சேராமலே போகக்கூடும்.

சில காயங்களுக்கு மறுநாள் வரை காத்திருக்கக்கூடாது. சண்டையில் எதிராளியின் பல் பட்டுக் கிழிந்த விரல் முட்டி, சின்னதாக இருந்தாலும், மூட்டுக்குள் கிருமியைக் கொண்டுபோகும். விரல் முழுக்க வீங்கி, லேசாக மடங்கி நின்று, நீட்டினால் உயிர் போகும் வலி என்றால் தசைநாண் உறையில் சீழ் பிடித்திருக்கலாம். அழுத்தக் குழாயிலிருந்து கிரீஸோ பெயிண்டோ பாய்ந்த விரலில் ஊசிக்குத்து மட்டுமே தெரியும், ஆனால் உள்ளே சேதம் பரவிக்கொண்டிருக்கும். விரல் துண்டானால் துண்டை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். ஐஸ்மேல் நேராக வைத்தால் சதை உறைந்து கெடும். வைத்தவுடன் 999.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களுக்கு ஒன்று. காயம் இயந்திரத்தில் பட்டதா, வேலைக்குப் போகும் வழியில் விழுந்ததா என்பதை முதல் கிளினிக்கிலேயே சொல்லி, அட்டையில் எழுதச் சொல்லுங்கள். வழியில் நேர்ந்த விபத்தையும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கெசோ ஏற்றுக்கொள்ளும். 'வீட்டில் கதவு இடித்தது' என்று முதல் நாள் சொன்னது பதிவாகிவிட்டால், பிறகு விண்ணப்பம் போடும்போது அந்த ஒரு வரியே உங்களுக்கு எதிராக நிற்கும்.