இடுக்கில் இருக்கும் மணல்

எங்கள் வீட்டுக் கொல்லையில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தரைக்கடியில் ஓடும் குழாய் போன வருடம் கசிந்தது. மேலே பேவர் பிளாக் தரை. சிமென்ட் பூசவில்லை, மணல் மேல் அடுக்கிய கற்கள்தானே, கையால் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். வந்த கொத்தனார் முதல் கல்லை எடுக்க அரை மணி நேரம் போராடினார். இடுக்கிலிருந்த மணலைக் கத்தி முனையால் சுரண்டினார். இரண்டு பக்கமும் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்பினார். மறுபடி சுரண்டினார். ஒருவழியாக அது மேலே வந்தது. அதற்கடுத்த கல் கையோடு வந்தது. அப்புறம் பத்தே நிமிடத்தில் முப்பது நாற்பது கற்களை எடுத்து ஓரமாக அடுக்கிவிட்டார்.

எதோடும் ஒட்டாத ஒரு கல் ஏன் அப்படி அடம் பிடித்தது? பேவர் தரை எப்படி நிற்கிறது என்பதற்கான விடை முழுவதும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

சரியாகப் போட்ட தரையில் கற்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவில் 2 முதல் 4 மில்லிமீட்டர் இடுக்கு இருக்கும். அதில் உலர்ந்த நைஸ் மணலைக் கூட்டித் தள்ளி, அதிரும் இயந்திரத்தை மேலே ஓட்டி, மணல் இறங்க இறங்க மறுபடி நிரப்புவார்கள். இப்படி இறுகிய மணலுக்கு ஒரு வினோத குணம் உண்டு. ஒவ்வொரு மணியும் பக்கத்து மணிகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். அது நகர வேண்டுமானால் பக்கத்து மணி மேல் ஏறித்தான் நகர முடியும். அதனால் இறுகிய மணலை அசைக்கப் போனால் அது முதலில் விரிகிறது. கடற்கரையில் ஈர மணலை மிதித்ததும் காலைச் சுற்றி ஒரு கணம் மணல் உலர்ந்து வெளுப்பதைப் பார்த்திருப்பீர்கள். மிதித்ததில் மணிகளுக்கிடையே இடம் கூடுகிறது, மேலே இருந்த தண்ணீர் அந்த இடத்துக்குள் இறங்கிவிடுகிறது. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1885ல் இதை விளக்கி எழுதினார்.

இதே மணல் இரண்டு கற்களுக்கு நடுவே சிக்கியிருந்தால்? விரியப் பார்க்கும், ஆனால் விரிய இடமில்லை. ஆகவே இரு பக்கச் சுவர்களையும் தள்ளும். தள்ளத் தள்ள உராய்வு கூடும். நீங்கள் கல்லை எவ்வளவு பலமாக இழுக்கிறீர்களோ, அவ்வளவுக்கு மணல் அதை இறுக்கிப் பிடிக்கும். ஒரு பக்கத்து மணல் போய்விட்டால் பிடி விட்டுவிடும். இரண்டாவது கல் கையோடு வந்த காரணம் அதுதான்.

இந்தப் பிடிதான் சுமையையும் பகிர்கிறது. ஒரு கல்லின் மேல் ஸ்கூட்டர் சக்கரம் ஏறினால் அந்தக் கல் தனியாக அமுங்க முடியாது. சுற்றியுள்ள கற்களையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டுதான் அமுங்கும். உள்ளங்கை அகலத்தில் விழுந்த சுமை, தரையின் அகலமான ஒரு பரப்பு வழியாக மண்ணுக்குப் போய்ச் சேரும். நெதர்லாந்தில் தெருக்களுக்குக் காலங்காலமாகச் செங்கல் பதித்து வந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு செங்கல் தட்டுப்பாடு வந்தபோது அதே அளவில் கான்கிரீட் கல் வார்த்துப் பதித்தார்கள். இன்று நம் ஊர்த் தெருக்களில் கிடக்கும் கல்லுக்கு மூலம் அதுதான்.

கொல்லையை அழகுபடுத்த நினைப்பவர்கள் முதலில் நிறத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் அடுக்கும் விதத்தைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். செங்கல் சுவர் போல வரிசை வரிசையாக அடுக்கினால், ஒரு திசையில் இடுக்குகள் நேர்கோடாக ஓடும். அந்தக் கோட்டை ஒட்டிக் கற்கள் வழுக்க வழி உண்டு. பாய் பின்னல் போல இரண்டிரண்டாகத் திருப்பி வைப்பது கண்ணுக்கு அழகு, நடக்கிற இடத்துக்குப் போதும். வண்டி ஏறும் இடமென்றால் மீன்முள் போலக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி அடுக்குவதுதான் உறுதி. எந்தப் பக்கம் தள்ளினாலும் வழியில் ஒரு கல் குறுக்கே நிற்கும். கனத்துக்கு நம் நாட்டுத் தர அளவு ஐ.எஸ். 15658 இருக்கிறது: வண்டி ஏறாத இடத்துக்கு 50 மி.மீ., கார் போன்ற லேசான வண்டிகளுக்கு 60 மி.மீ.

நடுவில் எவ்வளவு நன்றாகப் போட்டாலும் ஓரம் திறந்திருந்தால் எல்லாம் வீண். கற்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பவை. அந்தத் தள்ளல் கடைசியில் ஓரக் கல்லுக்கு வந்து சேரும். அங்கே கான்கிரீட்டில் பதித்த கெர்ப் கல்லோ (ஓரத் தடுப்புக் கல்), சுவரோ இல்லாவிட்டால் ஓரக் கல் ஒரு நூல் நகரும், இடுக்கு அகலும், மணல் தளரும், அடுத்த வரிசை நகரும். பல வீடுகளில் செடிப் பாத்தியை ஒட்டிய ஓரம் முதலில் சிதைவது இதனால்தான்.

கீழே என்ன இருக்கிறது என்பதில்தான் பெரும்பாலும் ஏமாற்று நடக்கிறது, மூடிய பிறகு யாருக்கும் தெரியாதே! மண்ணை வெட்டி, திமுசு போட்டு இறுக்கி, மேலே ஜல்லியும் கிரஷர் தூசியும் கலந்து அடுக்கடுக்காக அமுக்க வேண்டும். அதன் மேல் 25 முதல் 40 மி.மீ. கனத்துக்குக் கொரகொரப்பான மணல், எல்லா இடத்திலும் ஒரே கனம். ஜல்லித் தளத்தில் பள்ளம் இருந்தால் அதை ஜல்லியால்தான் சரிசெய்ய வேண்டும். மணலைக் கொட்டி மட்டம் பார்த்தால், அன்றைக்கு ரசமட்டம் பொய் சொல்லாது, முதல் மழைக்குப் பிறகு மணல் அதிகமான இடம் மட்டும் உட்காரும். எங்கள் தரையில் கிணற்றடிப் பக்கம் அப்படித்தான் ஒரு குழி விழுந்தது. களிமண்ணும் கரிசலும் உள்ள ஊர்களில் மண்ணே மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும். அங்கே ஜல்லி அடுக்கைக் கூடுதலாகப் போட வேண்டும்.

இடுக்கில் புல் முளைக்கிறது என்று சிலர் சிமென்ட் பால் ஊற்றி அடைக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பத்து மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் 30 டிகிரி சூடேறினால் சுமார் 3 மி.மீ. நீளும். 20 சென்டிமீட்டர் கற்களாக அடுக்கினால் அந்த நீளத்தில் ஐம்பது இடுக்குகள். ஒவ்வொன்றின் பங்குக்கும் 0.06 மி.மீ., ஒரு தலைமுடியின் தடிமன்தான். மணல் அதைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும். சிமென்ட் வாங்கிக்கொள்ளாது, விரிசல் விடும், அந்த விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கும்.

தண்ணீர் விஷயத்தில் இன்னொரு தவறான நம்பிக்கை, பேவர் போட்டால் மழைநீர் தானாக பூமிக்குள் போய்விடும் என்பது. சாதாரண பேவரில் இடுக்கு சில மாதத்தில் தூசியால் அடைபடும்; பெரும்பகுதி தண்ணீர் மேலேதான் ஓடும். அதனால் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, கட்டாயம். பத்து அடிக்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம், வீட்டுச் சுவரிலிருந்து விலகிச் செல்லும்படி. வாட்டம் முடியும் இடத்தில் வாழையோ உறிஞ்சு குழியோ இருந்தால் இன்னும் நல்லது. தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். கொல்லைத் தரையும் அதில் ஒரு கை கொடுக்கலாம். தரை வழியாகவே நீர் இறங்க வேண்டுமென்றால் அமைப்பே வேறு: இடுக்கு அகலமாக, மணலுக்குப் பதில் சிப்ஸ் ஜல்லி, கீழே தூசி கலக்காத ஜல்லி. ஜல்லிகளுக்கு நடுவே உள்ள வெற்றிடம் தொட்டி போல நீரைப் பிடித்து வைத்து மெதுவாக மண்ணுக்குக் கொடுக்கும்.

மரம் இருந்தால் அடிமரம் வரை கல்லைக் கொண்டுபோக வேண்டாம். வேருக்குக் காற்றும் நீரும் வேண்டும். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்றச் சொல்லி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013ல் உத்தரவிட்டது. உங்கள் வேப்ப மரத்துக்கும் அந்த ஒரு மீட்டரைக் கொடுங்கள். அந்த நிழல்தான் மே மாதத்தில் வெறுங்காலோடு நடக்க விடும். வெயில் விழும் இடத்தில் கருநிறம் தவிர்த்து வெளிர் நிறக் கல் போடுவதும் அதே காரணத்துக்காகத்தான்.

புதுக் கல்லில் வெள்ளை பூத்தால் பயப்பட வேண்டாம். சிமென்டிலுள்ள சுண்ணாம்பு ஈரத்தோடு மேலே வந்து காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்த படிவு அது. பெரும்பாலும் ஓரிரு மழைக்காலத்தில் போய்விடும். ஆசிட் ஊற்றித் தேய்த்தால் கல்லின் மேல்பரப்புதான் அரிக்கும்.

குழாயை மாற்றிய பிறகு கொத்தனார் ஜல்லியை இறுக்கி, மணலைப் பரப்பி, அதே கற்களை அதே வரிசையில் வைத்தார். ஒரு கல்கூட உடையவில்லை, புதிதாக ஒன்றும் வாங்கவில்லை. அரைச் சட்டி உலர்ந்த மணலை மேலே கொட்டித் துடைப்பத்தால் இடுக்குகளில் தள்ளினார். ஐப்பசி மழை முடிந்ததும் இன்னொரு சட்டி மணல் தூவச் சொல்லிவிட்டுப் போனார். தூவினேன். எந்த நாற்பது கற்களை எடுத்தோம் என்று இப்போது எனக்கே காட்டத் தெரியவில்லை.