ஷெட்டில் நிற்கும் பழைய காரின் பேட்டரி ஏன் சாகிறது?

பழைய அம்பாசிடரை ஆசையாகத் துடைத்து வைத்திருப்பவர்களிடம் ஒரு புலம்பலை அடிக்கடி கேட்கலாம்: "வண்டியை எடுக்கறதே இல்ல சார், அப்புறம் எப்படி பேட்டரி போகும்?" எடுக்காததால்தான் போகிறது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். செல்ஃப் மோட்டார் சுற்றும்போது 200 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வினாடியில் இன்ஜின் பிடித்துவிட்டால், செலவு வெறும் 0.17 ஆம்பியர்-அவர் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய கணக்கு). 60 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அதே வண்டி ஷெட்டில் நிற்கிறது. பிற்பாடு மாட்டிய ஸ்டீரியோவும் அலாரமும் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் குடிக்கின்றன. ஒரு முறை ஸ்டார்ட் செய்ய ஆகும் கரண்ட் மூன்றரை மணி நேரத்துக்குள் போய்விடும். 25 நாளில் பாதி பேட்டரி காலி. எதையும் மாட்டாத வண்டியிலும் பேட்டரி தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். வெயில் ஏற ஏற அந்த வேகமும் கூடும்.

சரி, இறங்கினால் திரும்ப ஏற்றிக்கொள்ளலாமே? அங்கேதான் சிக்கல். பிரான்ஸில் காஸ்டன் பிளான்டே 1859-ல் செய்த லெட்-ஆசிட் பேட்டரியின் வேதியியல்தான் இன்றும் நம் பானட்டுக்குள் இருக்கிறது. ஒரு பிளேட்டில் காரீய டையாக்சைடு, எதிர்ப் பிளேட்டில் பஞ்சுபோன்ற காரீயம், நடுவே கந்தக அமிலம். கரண்ட் வெளியே போகும்போது இரண்டு பிளேட்டுகளின் மேலும் காரீய சல்ஃபேட் படிகிறது, ஆசிட் நீர்த்துப்போகிறது. சார்ஜ் ஏற்றினால் சல்ஃபேட் கரைந்து எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஆனால் புதிதாகப் படிந்த சல்ஃபேட் பொடிப்பொடியாக இருக்கும்வரைதான் இந்தத் திருப்பம் சுலபம். சார்ஜ் இறங்கிய நிலையிலேயே வாரக்கணக்கில் விட்டால், கிளறாமல் விட்ட பாகு கற்கண்டு கட்டுவதுபோல, சின்னப் படிகங்கள் கரைந்து பெரிய படிகங்களோடு சேர்ந்து இறுகிவிடும். அவை கரண்டைக் கடத்துவதில்லை, லேசில் கரைவதும் இல்லை. அவை மூடிய பரப்பு அந்த அளவுக்கு பேட்டரிக்குப் பயன்படாமல் போகிறது. மெக்கானிக்குகள் 'சல்ஃபேட் ஆயிடுச்சு' என்று கைவிரிப்பது இதைத்தான்.

இப்படிப்பட்ட பேட்டரி மல்டிமீட்டரை நன்றாக ஏமாற்றும். ஒரு செல்லுக்கு 2.1 வோல்ட், ஆறு செல்லுக்கு 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. இதெல்லாம் சரிதான். ஆனால் வோல்ட் சொல்வது மிச்சமிருக்கும் பிளேட்டின் நிலையை. எவ்வளவு பிளேட் மிச்சமிருக்கிறது என்பதை அது சொல்லாது. அதனால் செல்ஃப் அடிக்கும்போது டெர்மினலில் மீட்டரைப் பிடிக்கச் சொல்லுங்கள். முழு சார்ஜில் இருந்தும் 9.6-க்குக் கீழே சரிந்தால், பேட்டரி தேறாது. மூடி திறக்கிற வகையானால், ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு செல்லையும் பார்க்கலாம். ஐந்து செல்லில் 1.26 காட்டி, ஒன்றில் மட்டும் 1.15 காட்டினால், அந்த ஒரு செல்லால் மொத்த பேட்டரியும் போச்சு.

தேறும் என்று தோன்றினால் மெதுவாக ஏற்ற வேண்டும். 60 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 6 ஆம்பியரோ அதற்குக் குறைவாகவோ, ஓர் இரவு முழுக்க. அவசரப்பட்டு அதிகம் திணித்தால் பிளேட்டுக்குப் போக வேண்டிய சக்தி சூடாகவும் வாயுவாகவும் வீணாகும். 14.4 வோல்ட் வாக்கில் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் கிளம்பும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும், வெடிக்கும். ஷெட் கதவைத் திறந்து வையுங்கள், பீடி சிகரெட் பக்கமே வேண்டாம். டிஸ்டில்டு வாட்டரை சார்ஜ் ஏறிய பிறகு ஊற்றுவதே நல்லது. ஏற ஏற மட்டம் உயரும் என்பதால் முன்பே நிரப்பினால் ஆசிட் வழியும். பிளேட் வெளியே தெரிந்தால் மட்டும் அது மூழ்கும் அளவுக்கு முதலிலேயே விடலாம். இன்னொன்று: இன்றைய ஸ்மார்ட் சார்ஜர்கள் பல, வோல்ட் ரொம்ப இறங்கிய பேட்டரியைக் கண்டால் வேலையையே தொடங்காது. அதற்குப் பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர்தான் கைகொடுக்கும், பக்கத்தில் ஆள் இருந்தால்.

'வண்டியை ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் ஓடவிட்டா ஏறிடும்' என்பதும் பழைய வண்டியில் செல்லாது. ஓடும்போது பேட்டரிக்கு கரண்ட் ஏற்ற, ஆல்டர்னேட்டர் வருவதற்கு முந்தைய கார்களில் இருப்பது டைனமோ. ஐட்லிங்கில் அது கிட்டத்தட்ட ஒன்றும் தராது. சிக்னலில் ஹெட்லைட் மங்குவது இதனால்தான்.

புதியது வாங்கும்போதும் இந்த டைனமோவை மறக்கக் கூடாது. தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத இன்றைய பேட்டரிகளில் பிளேட்டின் சட்டம் காரீயமும் கால்சியமும் கலந்தது. அது நிரம்ப 14.4 வோல்ட், சிலவற்றில் அதற்கும் மேலே வேண்டும். ஆன்டிமனி கலந்த பழைய வகைக்காக வைத்த, டைனமோவின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் அதுவரை போகாவிட்டால், புது பேட்டரி என்றைக்கும் அரைகுறையாகவே நிற்கும். மறுபடி சல்ஃபேட் கதைதான். என்னைக் கேட்டால், டைனமோ வண்டிக்கு மூடி திறந்து தண்ணீர் விடுகிற பேட்டரியே மேல். பார்க்கப் பழசாக இருந்தாலும் வண்டியின் குணத்துக்கு ஒத்துப்போகும்.

பேட்டரியைக் கழற்றுவதற்கு முன் எது எர்த், அதாவது பாடியோடு இணைந்த முனை, என்று பாருங்கள். 'நெகட்டிவை முதலில் கழற்று' என்று மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் இங்கே சறுக்குவார்கள். அம்பாசிடருக்கு மூலமான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் சீரிஸ் 3 உட்பட 1950-களின் பல பிரிட்டிஷ் கார்களில் பாடியோடு இணைந்திருப்பது பாசிட்டிவ். முதலில் கழற்ற வேண்டியது எர்த். அது எந்த முனையாக இருந்தாலும் சரி. எர்த் மாட்டியிருக்கும்போது மற்ற டெர்மினலில் இருக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஸ்பேனர் வழியாகப் பாயும். மாட்டும்போது எர்த் கடைசி. சார்ஜருக்கு மட்டும் இந்தக் குழப்பம் இல்லை: எந்த வண்டியானாலும் பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ்தான்.

கிளாம்பில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருப்பதைச் சுரண்டாதீர்கள். வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கரைத்து ஊற்றினால் புசுபுசுவென்று நுரைத்து அடங்கும். செல் மூடிகளை மூடிவிட்டு ஊற்றுங்கள். சோடா உள்ளே போனால் ஆசிட் கெடும். பிறகு துடைத்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின். மாதக்கணக்கில் நிற்கப்போகிற வண்டியானால், எர்த் வயரில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் போட்டுக்கொண்டால் அந்த 50 மில்லி ஆம்பியர் கசிவுக்கும் வழியில்லை. பழைய பேட்டரியைக் கடையிலேயே எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுங்கள். காரீயத்துக்கு உரிய விலையைக் கழித்துக்கொள்வார்கள்.