டாட் நம்பர் வந்துவிட்டது, லோடு ஏற்றலாமா?

"அண்ணா, டாட் நம்பர் வந்துடுச்சு. நாளைக்கே லோடு எடுக்கலாமா?"

அமெரிக்காவில் முதல் டிரக் வாங்கும் தம்பிமார்களிடமிருந்து எனக்கு வரும் போன் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். பல வருஷமாகச் சின்ன டிரக் கம்பெனிகளுக்குப் பேப்பர் வேலை பார்க்கிறேன். என் பதிலும் மாறியதில்லை: எடுக்கக் கூடாது.

டாட் நம்பர், அதாவது அமெரிக்கப் போக்குவரத்துத் துறை டிரக் கம்பெனிக்குத் தரும் யூஎஸ்டாட் நம்பர், வெறும் அடையாளம்தான். இலவசம். அடுத்தவர் சரக்கை வாடகைக்கு மாநிலம் தாண்டி ஓட்ட ஆபரேட்டிங் அத்தாரிட்டி என்ற அனுமதி தனியாக வேண்டும். கட்டணம் 300 டாலர், திரும்ப வராது. விண்ணப்பித்த பிறகும் இரண்டு வேலை பாக்கி. இன்சூரன்ஸ் கம்பெனி பாலிசி விவரத்தை, டிரக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பான எஃப்எம்சிஎஸ்ஏவிடம் நேரடியாகப் பதிய வேண்டும். மாநிலந்தோறும் நம் சார்பில் கோர்ட் நோட்டீஸ் வாங்கிக்கொள்ள ஒரு ஏஜென்ட்டைக் காட்டும் பிஓசி-3 படிவமும் அங்கே போக வேண்டும். பெரிய வண்டியில் சாதாரண சரக்கு ஏற்ற சட்டம் கேட்கும் பாலிசி குறைந்தது 7,50,000 டாலருக்கு. ஆனால் லோடு பிடித்துத் தரும் புரோக்கர்கள் பெரும்பாலும் பத்து லட்சம் டாலருக்குக் குறைந்தால் லோடே தரமாட்டார்கள்.

"நான் டெக்சாஸ் எல்லையைத் தாண்டவே மாட்டேன், எனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று ஒருவர் கேட்டார். அவர் ஓட்டியது ஹூஸ்டன் துறைமுகத்திலிருந்து டல்லாஸுக்கு, கப்பலில் வந்த கன்டெய்னர். டயர் எல்லையைத் தாண்டியதா என்று சட்டம் பார்ப்பதில்லை. சரக்கு எங்கே கிளம்பியது, எங்கே போய்ச் சேரப் போகிறது என்றுதான் பார்க்கிறது. வெளிநாட்டிலிருந்து தொடரும் பயணத்தின் கடைசித் துண்டை ஓட்டினாலும் அது மாநிலங்களுக்கு இடையிலான வணிகம்தான்.

அப்புறம் எடைக் கணக்கு. டாட் நம்பருக்கு 10,001 பவுண்டிலிருந்து கணக்கு ஆரம்பம். பிக்கப்பும் டிரெய்லரும் சேர்ந்து அந்த அளவைத் தொட்டாலும் கணக்குதான். பல மாநிலங்களில் ஓடும் வண்டி 26,000 பவுண்டுக்கு மேல் போனாலோ மூன்று அச்சு இருந்தாலோ, அந்த மாநிலங்களுக்கெல்லாம் ஒரே பதிவான ஐஆர்பி பிளேட்டும், டீசல் வரியை மாநிலவாரியாகப் பிரித்துக் கட்டும் இஃப்டாவும் வரும். 55,000 பவுண்டு முதல் மத்திய அரசின் கனரக வண்டி வரி; 2290 என்பது அதன் படிவ எண். உச்சம் வருஷத்துக்கு 550 டாலர். அந்த வரி கட்டிய ரசீதைக் காட்டினால்தான் ஐஆர்பி பிளேட் கிடைக்கும். இது போக, மாநிலம் தாண்டிய சரக்கு ஓட்டும் கம்பெனிகளுக்கு வருஷாவருஷம் யூசிஆர் என்ற பதிவுக் கட்டணம்.

இவ்வளவும் வைத்திருந்த ஒருவர் கென்டக்கி எடை நிலையத்தில் நின்றுகொண்டு போன் செய்தார். கதவில் இஃப்டா ஸ்டிக்கர் பளபளவென்று இருக்கிறது, பிறகு ஏன் நிறுத்துகிறார்கள் என்று கோபம். 60,000 பவுண்டு முதல் கென்டக்கிக்குத் தனியாக, அங்கே ஓடிய மைலுக்கு வரி கட்டும் கேஒய்யூ கணக்கு வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. நியூயார்க், நியூ மெக்சிகோ, ஓரிகான், கனெக்டிகட்டுக்கும் இப்படி எடையையும் மைலையும் வைத்து வரி உண்டு. எடை வரம்புகூட ஆளுக்கொன்று. ரூட் போடுவதற்கு முன் இந்த ஐந்து பெயரையும் பாருங்கள்.

இஃப்டாவில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். டீசல் வரி பங்க் இருக்கும் மாநிலத்துக்கு அல்ல, வண்டி ஓடிய மாநிலத்துக்குச் சேர வேண்டும். ஒரு காலாண்டில் 10,000 மைல் ஓடி 1,600 கேலன் போட்டீர்கள் என்றால் கேலனுக்கு 6.25 மைல். அதில் 2,500 மைல் ஒரு மாநிலத்தில் என்றால், அங்கே எரித்தது 400 கேலன். அங்கே போட்டது 100 கேலன்தான் என்றால் மீதி 300 கேலனுக்கான வரி அந்த மாநிலத்துக்குப் பாக்கி. டீசல் மலிவாக இருக்கிறது என்று ஒரே மாநிலத்தில் டேங்க் நிரப்புகிறவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். வண்டி ஷெட்டிலேயே நின்ற காலாண்டுக்கும் பூஜ்யம் என்று போட்டு ரிட்டர்ன் அனுப்பத்தான் வேண்டும். தாமதித்தால் 50 டாலர் அல்லது வரியில் 10 சதவீதம், எது அதிகமோ அது. டீசல் பில்களை நாலு வருஷம் வைத்திருக்க வேண்டும். டேஷ்போர்டில் வெயில் பட்டு வெளுத்துப்போன பில் ஆடிட்டில் உதவாது, அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள்.

உண்மையில் ஆரம்பத்தில் மாட்டுகிறவர்கள் குறைவு. இரண்டாம் வருஷம்தான் ஆபத்து, ஏனென்றால் ஒவ்வொரு பேப்பருக்கும் ஒரு தேதி. இஃப்டா ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதக் கடைசியில். ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு 2290 ஆகஸ்ட் 31-க்குள். எம்சிஎஸ்-150 என்ற விவரப் படிவம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. அதன் மாதம் உங்கள் டாட் நம்பருக்குள்ளேயே இருக்கிறது. கடைசி இலக்கம் 1 என்றால் ஜனவரி, 9 என்றால் செப்டம்பர், 0 என்றால் அக்டோபர். அதற்கு முந்தைய இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஒற்றைப்படை வருஷம். நம்பர் 47-ல் முடிந்தால் இரட்டைப்படை வருஷத்து ஜூலை. தவறவிட்டால் நம்பரே செயலிழந்து போகும்.

முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் பாதுகாப்பு ஆடிட்டும் வரும். ஓனரே டிரைவராக இருக்கும் ஒற்றை டிரக் கம்பெனிக்கும், சிடிஎல் என்ற கனரக வண்டி லைசென்ஸ் தேவைப்படும் வண்டி என்றால், போதைப்பொருள் சோதனைத் திட்டம் இருந்தாக வேண்டும். "எனக்கு நானே டெஸ்ட் எடுக்கணுமா?" என்று சிரிப்பார்கள். ஆமாம், அதற்காகவே இருக்கும் குழுமத்தில் சேர்ந்து. இல்லையென்றால் ஆடிட்டில் நேரடி ஃபெயில்.

போன வாரம் ஒருவர் கடிதம் ஒன்றைக் கொண்டுவந்தார். மேலே கழுகு முத்திரை, சிவப்பு எழுத்தில் கடைசி எச்சரிக்கை, எம்சிஎஸ்-150 புதுப்பிக்க நூற்றுக்கணக்கில் டாலர். அடியில், கண்ணாடி போட்டால்தான் தெரியும் அளவில், 'நாங்கள் அரசு அலுவலகம் அல்ல' என்று ஒரு வரி. அந்தப் படிவத்துக்குக் கட்டணமே கிடையாது. நம்பர் புதிதாகப் பதிவானதும் முகவரி பொதுத் தளத்தில் தெரியும், உடனே இந்தக் கடிதங்கள் வரத் தொடங்கும். அவர் இரண்டு நாள் முன்பே பணம் கட்டிவிட்டிருந்தார்.