வெளிநாட்டிலிருந்து வரும் பார்சலுக்கு யார் வரி கட்டுவது?

காவடிக்கு முன்னால், தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் என் சித்தி சென்னையிலிருந்து பூஜைச் சாமான் வரவழைத்தார். பெட்டியைக் கொண்டுவந்தவர் அதைக் கொடுக்கும் முன் பணம் கேட்டார். "முழு விலையும் கட்டிவிட்டேனே, இது எதற்கு?" என்று சித்திக்கு ஒரே கவலை. ஏமாற்றுகிறார்களோ என்றுகூட நினைத்தார். அது சார்ஸ், அதாவது நம் தென்னாப்பிரிக்க வருவாய்த் துறைக்குப் போகும் வரி.

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் தனித்தனியாக விற்பனை வரி வாங்குகின்றன. மாநிலத்தில் கடையே வைக்காத இணைய வியாபாரியிடமும் அந்த வரியை வசூலிக்க, 2018-ல் வேஃபேர் என்ற இணையக் கடை மீதான வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புதான் வழி திறந்தது. இங்கே அந்தச் சிக்கல் இல்லை. மாகாணங்கள் வாட், அதாவது மதிப்புக்கூட்டு வரி போட நம் அரசியலமைப்பே இடம் தரவில்லை. டர்பனானாலும் ஜோகன்னஸ்பர்க் ஆனாலும் ஒரே 15%தான். 2018 ஏப்ரலுக்கு முன் அது 14%.

உள்ளூர் இணையக் கடையில் வாங்கினால், காட்டும் விலையிலேயே வாட் சேர்ந்திருக்க வேண்டும். அரிசி, பருப்பு, முட்டை, காய்கறிக்கு வாட் கிடையாது. இணையத்தில் வாங்கினாலும் அப்படித்தான்.

படம், பாட்டு, மென்பொருள் போன்றவற்றை இணையம் வழியே விற்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் 2014 ஜூன் முதல் சார்ஸில் பதிவுசெய்து வாட் கட்டுகின்றன. இதில் நீங்கள் தனியாகச் செய்ய எதுவுமில்லை.

பொருள் பெட்டியில் வந்தால் கதை வேறு. அப்போது இறக்குமதி செய்பவர் நீங்கள், வரி கட்ட வேண்டியவரும் நீங்கள். 1,000 ராண்ட் பொருளுக்குச் சுங்கவரி 20% என்று வைத்துக்கொள்வோம். அது 200 ராண்ட். வாட் கணக்குக்குப் பொருளின் விலையோடு அதன் 10%, அதாவது 100 ராண்ட் கூட்டுவார்கள், சுங்கவரியையும் சேர்ப்பார்கள். ஆக 1,300-க்கு 15%, 195 ராண்ட். மொத்தம் 395 ராண்ட் கூடுதல். கூரியர் நிறுவனத்தின் கட்டணம் தனி. சுங்க விகிதம் பொருளுக்குப் பொருள் மாறும். தைத்த துணிக்குப் பொதுவாக 45% வரை போகும்.

500 ராண்டுக்குக் குறைந்த பார்சல்களுக்கு முன்பு 20% சுங்கவரி மட்டும் வாங்கி, வாட்டை விட்டுவிட்டார்கள். இங்கே தையல் தொழிற்சாலை வைத்திருப்பவர்கள் முழு வரி கட்டி வியாபாரம் செய்யும்போது அது அநியாயம்தான். 2024 செப்டம்பர் 1 முதல் அந்தச் சின்னப் பார்சல்களுக்கும் வாட் உண்டு.

அப்புறம் ஒரு விஷயம். சில வியாபாரிகள் "அன்பளிப்பு என்று எழுதிவிடட்டுமா?" என்று கேட்பார்கள். தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள். காசு கொடுத்து வாங்கியது அன்பளிப்பு ஆகாது, பொய்க் கணக்கில் மாட்டினால் பெட்டியே பறிபோகலாம். விலைச்சீட்டையும் பணம் கட்டிய ரசீதையும் எடுத்து வையுங்கள். சித்திக்கு அந்தச் சீட்டைக் காட்டித்தான் கணக்கு சரி என்று புரியவைத்தேன்.