குதிரையைத் தாண்டும்போது மட்டும் ஏன் இந்த நிதானம்?

பிரிட்டனுக்கு வேலைக்குப் போயிருக்கும் வாசகர் ஒருவர், அங்கே ஓட்டுநர் உரிமத்துக்கான எழுத்துத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். "சாலையில் குதிரை போனால் மணிக்கு 10 மைல் வேகத்துக்குள் வர வேண்டுமாம், 2 மீட்டர் தள்ளிப் போக வேண்டுமாம், ஹாரன் அடிக்கவே கூடாதாம். சைக்கிள்காரருக்குக்கூட ஒன்றரை மீட்டர்தான் சொல்கிறார்கள். குதிரைக்கு மட்டும் ஏன் சார் இந்த ராஜ மரியாதை?" என்று கேட்டிருக்கிறார்.

அவர் சொல்லும் வேகமும் இடைவெளியும் அங்குள்ள 'ஹைவே கோடு' விதிநூலில் 2022 ஜனவரி 29 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம். 10 மைல் என்பது 16 கிலோமீட்டர். நம் ஊரில் ஆட்டோ சந்துக்குள் நுழைகிற வேகம். பிரிட்டிஷ் குதிரைச் சங்கம் இதற்காகப் பல ஆண்டுகள் பிரசாரம் செய்தது. முதலில் 15 மைல் என்று கேட்டார்கள், பிறகு 10 என்று இறங்கினார்கள். அங்கே கிராமப்புறத்தில் குதிரைகளுக்கென்று தனிப் பாதைகள் உண்டு. ஆனால் அவை தொடர்ச்சியாக இருப்பதில்லை. ஒரு பாதை முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் வரை தார்ச்சாலையில்தான் போக வேண்டும். அதே சாலையில் கார் 60 மைல் வேகம் வரை சட்டப்படி வரலாம்.

வேகத்தின் இயற்பியலைச் சீக்கிரமாக முடித்துவிடுகிறேன். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்று ஒன்பதாம் வகுப்பில் படித்திருப்பீர்கள். அந்த விதிநூலின் கணக்குப்படியே, 30 மைல் வேகத்தில் வரும் கார் நிற்க 23 மீட்டர் வேண்டும். 60 மைல் என்றால் 73 மீட்டர். வளைவு தாண்டியதும் குதிரை நின்றால் அவ்வளவு இடம் இருக்காது. குதிரையின் எடை சுமார் 500 கிலோ. அந்த எடை முழுவதும் நான்கு மெலிந்த கால்களுக்கு மேலே இருக்கிறது. கார் மோதினால் பானெட் கால்களைத் தட்டிவிடும், உடம்பு நேராகக் கண்ணாடி மேல் விழும். சவாரிக்காரர், குதிரை, காருக்குள் இருப்பவர் மூவருக்கும் ஆபத்து.

சரி, மோதாமல் ஒரு சாண் இடைவெளியில் வேகமாகத் தாண்டிவிட்டால்? சைக்கிள்காரர் திட்டுவார், அவ்வளவுதான். குதிரை என்ன செய்யும் என்பது அதன் கண்ணில் இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்தக் கண்ணைப் பற்றிப் பேசலாம் என்றுதான்.

நிலத்தில் வாழும் பாலூட்டிகளின் கண்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று குதிரையின் கண். அது தலையின் பக்கவாட்டில் இருக்கிறது. தலையைத் திருப்பாமலே ஏறத்தாழ 350 டிகிரி பார்த்துவிடும். தெரியாமல் போவது நெற்றியை ஒட்டி முன்னால் ஒரு சிறு இடம், முதுகுக்கு நேர் பின்னால் ஒரு மெல்லிய துண்டு, அவ்வளவுதான். புல்வெளியில் மேய்ந்துகொண்டே வேட்டை விலங்கைக் கவனிக்க வேண்டிய பிராணிக்கு இது போதும்.

நம் விழித்திரையில் கூர்மையான பார்வை ஒரு சிறு புள்ளியில் மட்டும் உண்டு. அதனால்தான் இந்த வரியைப் படிக்க உங்கள் கண் தாவித்தாவி நகர வேண்டியிருக்கிறது. குதிரையின் விழித்திரையில் அது புள்ளியாக இல்லாமல் கிடைமட்டமான ஒரு பட்டையாக நீண்டிருக்கிறது. வானமும் தரையும் சேரும் கோடு முழுவதும் ஒரே நேரத்தில் அந்தப் பட்டையில் விழும். அதன் கண்பாவையும் நம்முடையதைப் போல வட்டமாக இருக்காது, படுக்கைவாட்டில் நீண்ட பிளவாக இருக்கும். மேலிருந்து விழும் வெயிலைக் குறைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் பக்கத்திலும் இருந்து வரும் ஒளியை அதிகமாக உள்ளே விடுவதற்கு அது வசதி.

இங்கே ஒரு கேள்வி வர வேண்டும். குதிரை புல் மேயும்போது தலையைத் தரை வரை தாழ்த்துகிறது. தலை தாழ்ந்தால் அந்தப் படுக்கைப் பிளவு செங்குத்தாகத் திரும்பிவிடாதா? அடிவானத்துக்கென்று அமைந்த பட்டையும் சேர்ந்து சாயாதா? எப்போது ஆபத்து அதிகமோ அப்போது பார்த்துப் பார்வை கெட்டுப்போகுமே?

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் பேங்க்ஸும் அவரோடு வேலை செய்தவர்களும் விலங்குகளின் கண்பாவை வடிவங்களைப் பற்றி 2015-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மேயும் பிராணிகள் தலையைத் தாழ்த்தும்போது அவற்றின் கண்களைக் கவனித்தார்கள். தலை கீழே போகப் போக, கண் தன் குழிக்குள்ளேயே எதிர்த்திசையில் சுழல்கிறது! கொஞ்சநஞ்சம் இல்லை, 50 டிகிரிக்கும் மேல். நம் கண்ணும் இப்படிச் சுழலும், ஆனால் அதில் பத்தில் ஒரு பங்குதான். இரண்டு கண்களும் தலைக்கு இரு புறமும் இருப்பதால், ஒன்று வலஞ்சுழியாகவும் மற்றது இடஞ்சுழியாகவும் திரும்ப வேண்டும். திரும்புகின்றன. கொத்தனார் கையில் இருக்கும் ரசமட்டத்தின் குமிழியைப் போல, தலை எந்தச் சாய்வில் இருந்தாலும் அந்தப் பிளவு தரைக்கு இணையாகவே நிற்கிறது. தலையின் சாய்வைக் கண்ணுக்குச் சொல்வது உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்புகள். அங்கிருந்து கிளம்பும் நரம்புச் செய்தி, விழியைச் சுழற்றும் தசைகளை நேராக இயக்குகிறது. குதிரை இதை யோசித்துச் செய்வதில்லை. அடுத்த முறை மெரினாவில் சவாரிக் குதிரை எதுவும் கொள்ளுப் பைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தால், குனிந்து அதன் கண்ணைப் பாருங்கள். பின்னங்கால் எட்டாத இடத்தில் நின்று பாருங்கள்.

இப்படிப்பட்ட கண் இருந்தும் ஏன் மிரள்கிறது? பின்னால் அந்த மெல்லிய துண்டு தெரியாது என்றேனே, கார் வருவது சரியாக அங்கிருந்துதான்.

ஒரு தோராயக் கணக்குப் போடலாம், பள்ளிக்கூட டேன்ஜென்ட் போதும். தெரியாத துண்டு மொத்தம் 10 டிகிரி, அதாவது நடுக்கோட்டிலிருந்து பக்கத்துக்கு 5 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 5 டிகிரியின் டேன்ஜென்ட் சுமார் 0.0875. குதிரையின் நடுக்கோட்டிலிருந்து 1 மீட்டர் தள்ளி வரும் கார், 11 மீட்டர் பின்னால் இருக்கும்போதுதான் அதன் பார்வைக்குள் நுழையும். 2 மீட்டர் தள்ளி வந்தால் 23 மீட்டர் பின்னாலேயே தெரிந்துவிடும். இப்போது வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். 1 மீட்டர் தள்ளி, 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற காரைக் குதிரை முதலில் பார்ப்பதற்கும், அது பக்கத்தில் வந்து நிற்பதற்கும் நடுவே இருப்பது முக்கால் நொடிக்கும் குறைவு. 2 மீட்டர் தள்ளி, 16 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 5 நொடி. ஏழு மடங்குக்கும் மேல் வித்தியாசம்! குதிரை தலையைக் கொஞ்சம் திருப்பினாலே எண்கள் மாறும் என்பது உண்மை. ஆனாலும் அகலமும் நிதானமும் ஒன்றையொன்று பெருக்கிக்கொடுக்கின்றன என்பது மாறாது. இரண்டில் ஒன்றை மட்டும் கடைப்பிடித்தால் பாதிப் பலன்தான்.

கண்ணுக்குத் தெரியாவிட்டால் காதுக்குக் கேட்காதா என்றால், நன்றாகவே கேட்கும். நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது, குதிரைக்கு 33,000-ஐத் தாண்டும். பஸ்ஸின் ஏர் பிரேக் 'புஸ்' என்று விடும் மூச்சில் நமக்குக் கேட்காத கீச்சொலிகளும் அதற்குக் கேட்கலாம். ஆனால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதில் குதிரை மோசம். நாம் ஏறக்குறைய 1 டிகிரி துல்லியத்தில் திசையைச் சொல்லிவிடுவோம். குதிரைக்கு சுமார் 25 டிகிரி வித்தியாசம் இருந்தால்தான் பிரித்துத் தெரியும். இதற்கும் கண்தான் காரணம் என்று ஒரு விளக்கம் உண்டு. பார்வை ஒரே புள்ளியில் கூர்மையாக இருக்கும் பிராணிக்கு, அந்தப் புள்ளியை எங்கே திருப்ப வேண்டும் என்று காது துல்லியமாகச் சொல்ல வேண்டும். அடிவானம் முழுவதும் ஒரே பட்டையில் தெரிகிற குதிரைக்கு அந்தத் துல்லியம் தேவைப்படவில்லை. எனக்கு இந்த விளக்கம் பிடித்திருக்கிறது. ஆக, பின்னால் ஏதோ வருகிறது என்று அதற்குத் தெரியும், இடமா வலமா என்பதில் குழப்பம் இருக்கலாம். அந்த நேரத்தில் ஹாரன் அடித்தால் கேட்கவே வேண்டாம்.

திடீர்ச் சத்தத்துக்கு உடம்பு துள்ளுவது மூளைத்தண்டின் வேலை. காது நரம்பிலிருந்து மூளைத்தண்டுக்கும், அங்கிருந்து தண்டுவடத்துக்கும் போய்த் தசையை எட்டும் குறுக்குவழி அது. எலிகளில் அளந்து பார்த்தால் நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் தசை துடித்துவிடுகிறது. சிந்திக்கும் பகுதிக்குச் செய்தி போய்ச் சேர்ந்து, 'அட, இது வெறும் லாரி' என்று புரிவதற்குள் குதிரை இரண்டு எட்டு ஓடியிருக்கும். பயிற்சியால் இதைக் குறைக்கலாம், அடியோடு அழிக்க முடியாது. லண்டனில் 2024 ஏப்ரல் 24 காலை என்ன நடந்தது? பெல்கிரேவியா பகுதியில் ராணுவக் குதிரைப்படையின் குதிரைகள் வழக்கமான பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தன. பக்கத்தில் கட்டட வேலை நடந்த இடத்தில் உயரத்திலிருந்து பொருள்கள் விழுந்தன. அணிவகுப்பு, வாத்தியம், கூட்டம் எல்லாவற்றுக்கும் பழகிய குதிரைகள்தான். அந்த ஒரு சத்தத்தில் வீரர்களை உதறிவிட்டு நகரத்துக்குள் ஓடின, வாகனங்களில் மோதின. சில குதிரைகளை நகரின் மறுகோடியில் லைம்ஹவுஸ் அருகே பிடித்தார்கள்.

பழக்கம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஓர் அழகான சோதனை செய்தார்கள், 2021-இல் வெளியானது. குழந்தைகள் ஏறி விளையாடும் பிளாஸ்டிக் சாமான் ஒன்றை ஓர் இடத்தில் வைத்து, குதிரைகளை அதன் பக்கமாகத் திரும்பத் திரும்ப நடத்தினார்கள். முதலில் மிரண்ட குதிரைகள் பிறகு கண்டுகொள்ளவில்லை. அப்புறம் அதே பொருளை 90 டிகிரி திருப்பி வைத்தார்கள். குதிரைகள் அதைப் புத்தம் புதிதாக ஒன்றைக் கண்டதைப் போலவே மறுபடி மிரண்டன. 'தினமும் இந்த வழியாகத்தானே வருகிறது, இன்று ஏன் குப்பைத் தொட்டியைப் பார்த்து ஒதுங்குகிறது?' என்று புலம்பும் சவாரிக்காரருக்கு விடை இதில் இருக்கிறது. யாரோ தொட்டியைத் திருப்பி வைத்திருப்பார்கள்.

இந்தச் சோதனைக்கு என்ன செலவாகியிருக்கும்? குதிரைகள், ஒரு விளையாட்டுச் சாமான், நிறையப் பொறுமை. நம் நாட்டில் ஹரியானாவின் ஹிசாரில் குதிரைகளுக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கிறது. நோய், தடுப்பூசி, இனப்பெருக்கம் எல்லாம் அவசியம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஊட்டியில் சாலை நடுவே கார்களுக்கு ஊடே நிற்கும் மட்டக்குதிரைகள் எதற்கு மிரள்கின்றன, எதற்கு மிரளவில்லை என்று உட்கார்ந்து பார்ப்பதற்கும் கொஞ்சம் பணம் ஒதுக்கலாம் என்பது என் கட்சி. பெரிய கருவி கேட்கும் திட்டத்துக்குக் கிடைக்கும் மதிப்பு, நோட்டுப் புத்தகத்தோடு போய் நிற்கிறேன் என்பவருக்குக் கிடைப்பதில்லை.

அதுவரை நம்மிடம் இருப்பது கதைகள். 'குதிரைக் கண்ணுக்கு எல்லாம் பெரிதாகத் தெரியும், அதனால்தான் பயப்படுகிறது' என்பது அதில் ஒன்று. கண் பெரிதாக இருந்தால் விழித்திரையில் பிம்பமும் பெரிதாக விழும், உண்மை. ஆனால் குதிரை பிறந்ததிலிருந்து தன் கால், தன் தொட்டி, தன் தாய் எல்லாவற்றையும் அதே அளவில்தான் பார்க்கிறது. எதை எதோடு ஒப்பிட்டுப் பெரிது என்று நினைக்கும்? ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தைக்குப் போனால் சுழி பார்த்து விலை பேசுகிறவர்களைப் பார்க்கலாம். இந்தச் சுழி இருந்தால் ராசி, அந்தச் சுழி இருந்தால் ஆகாது என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். நான் வாங்குவதாக இருந்தால், விற்பவரிடம் சொல்லிவிட்டு, தள்ளி நின்று ஒரு பிளாஸ்டிக் பையை ஆட்டிப் பார்ப்பேன்.

மறுபடி சாலைக்கு வருவோம். 2 மீட்டர் கேட்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. குதிரையை மிரட்டுவது எப்போதும் கார்தான் என்றில்லை. வேலியோரம் ஒரு பறவை படபடத்தால் குதிரை வேலிக்கு எதிர்ப்பக்கம், அதாவது சாலை நடுவுக்குத் துள்ளும். அனுபவமுள்ள சவாரிக்காரர் முன்கூட்டியே அதன் தலையைப் பயமுறுத்தும் பொருளிலிருந்து சாலைப் பக்கமாகச் சற்று வளைத்து, சாலைப் பக்கத்துக் காலால் அழுத்தி, பின்புறம் சாலைக்குள் வீசாமல் பார்த்துக்கொள்வார். கடிவாளத்தை இழுத்துப் பிடித்து முகத்தை மார்போடு ஒட்ட வைத்தால் குதிரைக்கு எதிரே வருவது சரியாகத் தெரியாது. தலையைத் தூக்கிப் பார்க்க இடம் விட வேண்டும். இரண்டு குதிரைகள் பக்கத்தில் பக்கத்தில் போவதைப் பார்த்து ஓட்டுநர்கள் எரிச்சலடைகிறார்கள். அதில் ஒன்று புதுக் குதிரையாக இருக்கலாம், அல்லது சவாரி செய்பவர் புதியவராக இருக்கலாம். பழகிய குதிரை பக்கத்தில் அமைதியாக நடந்தால், மந்தையாக வாழும் பிராணி என்பதால் மற்றதும் தைரியமாக நடக்கும். அதற்கு விதிநூல் அனுமதி தருகிறது. குறுகலான அல்லது நெரிசலான சாலையிலும் வளைவுகளிலும் மட்டும் ஒருவர் பின் ஒருவராகப் போகச் சொல்கிறது.

1865-இல் இதே பிரிட்டனில், சாலையில் நீராவி வண்டி ஓட்டினால் 60 கஜம் முன்னால் ஒருவர் சிவப்புக் கொடி பிடித்து நடக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். குதிரைகளோடு வருபவர்களை எச்சரிப்பது அவருடைய வேலைகளில் ஒன்று. வண்டிக்கு ஊருக்குள் 2 மைல், வெளியே 4 மைல்தான் வேகம். அதோடு பார்த்தால் 10 மைல் தாராளம்தான்.

வாசகருக்குத் தேர்வில் இன்னொரு கேள்வியும் வரலாம். குதிரையைத் தாண்டிய உடனே ஆக்ஸிலரேட்டரை மிதிக்கலாமா? கூடாது. தாண்டிவிட்டோம் என்பது நம் கணக்கு. காரின் பின்பக்கம் குதிரையின் முகத்துக்கு நேரே இருக்கும்போது இன்ஜின் உறுமினாலும் அதே குறுக்குவழிதான் வேலை செய்யும், தசைகள் அப்படியேதான் துள்ளும். கண்ணாடியில் குதிரை நன்றாகச் சிறிதாகத் தெரியும் வரை அதே வேகத்தில் போங்கள்.