சூடா, பலூனா, மின்துடிப்பா? அப்லேஷனுக்கு முன் கேட்க வேண்டியவை

படபடப்பைத் தூண்டும் இதயத் திசுவைக் குழாய் செலுத்தி அழிப்பதுதான் அப்லேஷன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் என்னிடம் அதற்காக வரும் நம்மவர்கள் பலர் கேட்கும் முதல் கேள்வி: "டாக்டர், சூடு வைக்கிறதா, பலூனா, புதுசா வந்திருக்கிற கரண்ட்டா, எது நல்லது?" நான் திருப்பிக் கேட்பது: உங்கள் படபடப்பு ஈ.சி.ஜி.யில் பிடிபட்டதா? என்ன வகை?

துடிப்பு திடீரென்று நிமிடத்துக்கு 180-க்கு ஏறி, சட்டென்று நின்றுவிடும் எஸ்.வி.டி. என்ற வகை என்றால் பெரும்பாலும் ஓரிடத்தில் ரேடியோ அலைச் சூடு வைத்தாலே தீர்ந்துவிடும். இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் அப்படியல்ல. அதைத் தூண்டும் மின்பொறிகள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளிலிருந்து கிளம்புகின்றன என்று 1998-இல் பிரான்ஸின் போர்டோ நகர மருத்துவர் ஹைசாகேரின் குழு காட்டியது. அந்தப் பொறிகள் இதயத்துக்குள் பரவாமல் அச்சிரைகளின் வாயைச் சுற்றித் தழும்பு வளையம் போடுவதுதான் மூன்று முறைகளுக்கும் நோக்கம்.

ரேடியோ அலை புள்ளி புள்ளியாகச் சுடும். சிரைக்கு வெளியேயும் சிகிச்சை தேவைப்பட்டால் நன்றாகக் கைகொடுக்கும். கிரையோ பலூன் சிரை வாயை அடைத்து வட்டமாக உறைய வைக்கும். உதரவிதான நரம்பு பாதிக்கப்படுவது இதில் சற்று அதிகம். 762 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்ட 2016-ஆம் ஆண்டு ஆய்வில் பலன் ஏறக்குறைய சமம். புதுக் கரண்ட்டான மின்துடிப்பு முறை செல் சவ்வில் துளையிட்டு முக்கியமாக இதயத் தசையைக் குறிவைக்கிறது. உணவுக்குழாய் பெரும்பாலும் தப்பிவிடும். 607 பேரிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், ஓராண்டுப் பலனில் இதுவும் சூடு, குளிர் முறைகளுக்குக் குறைந்ததல்ல. ஆனால் துடிப்புகள் கூடினால் சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். நம் சமூகத்தில் நீரிழிவால் சிறுநீரகம் தளர்ந்தவர்கள் பலர். அவர்கள் இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால், கருவியைவிட அதைப் பிடிக்கும் கையின் அனுபவமே முக்கியம்.

அப்லேஷன் முடிந்து சில வாரங்களுக்குள் காய்ச்சல், விழுங்கும்போது வலி, பேச்சுக் குழறல் வந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். அப்லேஷன் செய்ததைச் சொல்லுங்கள். உணவுக்குழாயில் துளை விழுந்திருக்கலாம். வாய்வழியே குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி ஆபத்து, சி.டி. ஸ்கேன்தான் எடுக்க வேண்டும். அரிது, ஆனால் உயிரைப் பறிக்கும்.

துடிப்பு சீரானதும் பலர் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். குறைந்தது இரண்டு மாதம் எல்லோருக்கும் அது வேண்டும். அதன்பின் வயது, ரத்த அழுத்தம், நீரிழிவு, முன்பு வந்த பக்கவாதம் ஆகியவையே முடிவு செய்யும். ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கு இவ்வகையில் பழைய மாத்திரையான வார்ஃபரின்தான் ஏற்றது; புதிய மாத்திரைக்குத் தாமாக மாற வேண்டாம்.

தைப்பூச விரதத்திலும் மாத்திரை நிற்கக் கூடாது. ரத்தம் உறையாத மாத்திரை எடுக்கும்போது அலகு குத்திக்கொள்ள வேண்டாம். தொடை இடுக்கில் குழாய் செலுத்திய இடம் ஆறாமல் காவடியும் தூக்க வேண்டாம்.